நான்கு ஆண்டுகளாகப் பீச் ஃபேஸும் ஃபிஷரும்

ஆப்பிரிக்க லவ் பேர்டுகள் என்னும் சிறு கிளிகளில் பீச் ஃபேஸ் இனத்தை வாங்குவதா, ஃபிஷர் இனத்தை வாங்குவதா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். (நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்றால் பட்ஜி என்ற வேறு வகைச் சிறு கிளிகளைத்தான் எடுத்துத் தருவார்கள், அவர் கேட்டது அதையல்ல.) இரண்டையும் தனித்தனிக் கூண்டுகளில் நான்கு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் ஃபிஷருக்கு உண்டு, பீச் ஃபேஸுக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப்பட்ட வேறுபாடு காகிதத்தில் இருக்கிறது.

என் பீச் ஃபேஸ் பெட்டை, நாள்காட்டித் தாளின் ஓரத்தை அலகால் வரிசையாகத் துளையிட்டு, கத்தரித்தது போல நீளக் கீற்றாகப் பிரித்து, தலையைத் திருப்பி வாலுக்கு மேலுள்ள இறகுகளுக்குள் செருகிக்கொள்ளும். நாலைந்து கீற்றுகள் சேர்ந்த பிறகே பறக்கும். பாதி வழியில் உதிர்ந்துவிடும். சலிக்காமல் திரும்பி வந்து மறுபடி தொடங்கும். ஃபிஷர் இனமோ கீற்றை அலகில் கவ்விக்கொண்டு போகும். வில்லியம் டில்கர் என்ற ஆய்வாளர் இவ்விரண்டையும் கலந்து குஞ்சு பொரிக்கவைத்து, அதைப் பற்றி 1962-ல் எழுதினார். அந்தக் கலப்புப் பறவைகளுக்குச் செருகவும் வரவில்லை. அலகில் கொண்டுபோகப் பழகுவதற்கே ஆண்டுகள் பிடித்தன. பழகிய பின்னும் தலையைத் திருப்பும் பழக்கம் விடவில்லை.

இவ்வளவு அழகான அந்த வேலைதான் என் நிம்மதியைக் கெடுக்கிறது. காகிதம் கிடைத்தால் கூடு கட்டும் எண்ணம் வந்துவிடுகிறது; ஆண் துணையே இல்லாமல் முட்டையிடுகிறது. சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் இருந்தும், சென்ற மாதம் ஓர் இரவு முட்டை வெளிவராமல் உள்ளேயே சிக்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. மருத்துவரிடம் கொண்டுபோய்த்தான் காப்பாற்றினோம். அன்று முதல் வீட்டில் தாள் எதையும் வெளியே வைப்பதில்லை.

நியாயமாகச் சொன்னால் ஃபிஷர் பெட்டைக்கும் இதே ஆபத்து உண்டு. என்னிடம் இருப்பது இதுவரை முட்டையிட்டதில்லை என்பதே உண்மை. தோளில் வந்து அமர்வதும், பெயரைச் சொன்னால் ஓடி வருவதும் பீச் ஃபேஸ்தான். ஃபிஷர் இன்னும் என் கையைக் கண்டால் விலகுகிறது. ஆயினும் நண்பரிடம் ஃபிஷரையே வாங்கச் சொன்னேன். அந்த இரவை இன்னொரு வீடு படவேண்டாம் என்றே எனக்குத் தோன்றியது.

இதை எழுதும்போது கூண்டைத் திறந்துவிட்டிருந்தேன். ஆணியில் மாட்டியிருந்த பனையோலை விசிறியின் ஓரம் காணாமல் போயிருக்கிறது. பீச் ஃபேஸ் பெட்டையின் முதுகில் மூன்று ஓலைக் கீற்றுகள் நிற்கின்றன.