நாள்பட்ட வலிக்கு ஹிப்னாசிஸா, தலையில காந்தமா? நான் ஏன் ஹிப்னாசிஸ் பக்கம் போனேன்

மாத்திரை, பிசியோ, பெல்ட்டு எல்லாம் பாத்தாச்சு, ஸ்கேன்ல ஆபரேஷன் பண்ற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரும் சொல்லிட்டாரு, ஆனா இடுப்பு வலி மட்டும் அசையாம உக்காந்திருக்கு, இந்த நிலைமையில இருக்கறவங்களுக்குத்தான் இதை எழுதறேன். எனக்கு அப்போ இருந்தது ரெண்டு வழி. ஒண்ணு ஹிப்னாசிஸ், இன்னொண்ணு ஆர்டிஎம்எஸ், அதாவது தலைக்கு வெளியில காயில் வச்சு காந்தத் துடிப்பால மூளையைத் தூண்டறது. நான் எடுத்தது ஹிப்னாசிஸ், இப்பவும் அதுலதான் இருக்கேன், அதனால இந்த அலசல் நடுநிலையா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

ரெண்டுலயும் கத்தி கிடையாது, வயித்தைப் புண்ணாக்கற மாத்திரை கிடையாது. தெரிஞ்ச விஷயம், விட்டுடுவோம்.

காந்தத்தை முதல்ல பாத்துடலாம். 1985ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல ஆந்தனி பார்க்கர் டீம் கொண்டு வந்த டெக்னிக் இது. காயில்ல கரண்ட் சட்டுனு பாயும்போது உண்டாகற காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி உள்ள போய் நரம்பு செல்லுங்கள்ல சின்ன மின்னோட்டத்தைக் கிளப்பும். வலிக்குன்னா உணர்ச்சியைப் பாக்கற பகுதியிலதான் வைப்பாங்கன்னு நினைச்சேன், இல்ல, கைகால் அசைவைப் பாத்துக்கற மோட்டார் கார்ட்டெக்ஸ் மேல வைக்கறாங்க, 1991ல ஜப்பான்ல சுபோகாவாங்கற சர்ஜன் அந்த இடத்துல ஆபரேஷன் பண்ணி எலக்ட்ரோடு வச்சப்போ பக்கவாதத்துக்கு அப்புறம் வர்ற வலி குறைஞ்சுச்சாம், அதுல இருந்து வந்த பழக்கம். நான் ட்ரையல் சிட்டிங்தான் உக்காந்திருக்கேன், முழு கோர்ஸ் எடுக்கல, அதை மனசுல வச்சுப் படிங்க. கட்டைவிரல் தானா துள்ளற வரைக்கும் பவரை ஏத்திப் பாத்துட்டு, அதுக்குக் கொஞ்சம் கீழ செட் பண்றாங்க. டக்டக்டக்னு சத்தம், அதுக்குக் காதுல அடைப்பான், மண்டையில யாரோ விரலால தட்டற உணர்ச்சி, அவ்ளோதான். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்க உள்ள வைக்கற கருவி) இருக்கறவங்க, தலைக்குள்ள உலோக கிளிப் வச்சவங்க, வலிப்பு வந்தவங்க முதல்லயே சொல்லிடணும்.

இதோட தம்பி டிடிசிஎஸ், உப்புத்தண்ணியில நனைச்ச ஸ்பாஞ்சைத் தலையில வச்சு, அது வழியா 1 இல்லன்னா 2 மில்லிஆம்ப் லேசான கரண்ட் விடறது. மெஷின் மலிவு. அதுக்காக வீட்டுல 9 வோல்ட் பேட்டரி வச்சு நீங்களே செஞ்சு பாக்காதீங்க, தோல் வெந்துடும்.

இப்போ ஹிப்னாசிஸ். மேடையில ஆளைக் கோழி மாதிரி கொக்கரிக்க வைக்கறதெல்லாம் நினைச்சுட்டு வராதீங்க. கண்ணை மூடி சாஞ்சு உக்காரணும், ஹிப்னாசிஸ் பண்றவர் பேசற பேச்சுல கவனத்தைக் குவிக்கணும், அப்போ வலியைப் பத்தி சில யோசனைகளை உள்ள விடுவாரு, நினைவு தப்பாது, வாசல்ல பைக் சத்தம் கூட கேக்கும். பழைய சரக்குதான் இது, 1845லயே வங்காளத்து ஹூக்ளியில ஜேம்ஸ் எஸ்டெய்ல்ங்கற ஸ்காட்லாந்து சர்ஜன், இதோட மூதாதையான மெஸ்மரிசத்தை வச்சே பெரிய பெரிய கட்டியெல்லாம் அறுத்து எடுத்திருக்காரு, அடுத்த வருஷம் பாஸ்டன்ல ஈதர் வந்ததும் அது ஓரம் போயிடுச்சு. 1997ல மான்ட்ரியல்ல ரெய்ன்வில்ங்கற ஆய்வாளரோட டீம், ஆய்வுக்கு வந்தவங்க கையைப் பொறுக்க முடியாத சூட்டுத் தண்ணியில வைக்கச் சொல்லி, ஹிப்னாசிஸ்ல வலியோட தொந்தரவை மட்டும் கூட்டிக் குறைச்சாங்க, மூளை ஸ்கேன்ல ஆன்டீரியர் சிங்குலேட்ங்கற பகுதி அதோடயே ஏறி இறங்கியிருக்கு, உணர்ச்சிப் பகுதி பெருசா மாறல. என் அனுபவமும் கிட்டத்தட்ட அப்படித்தான், வலி காணாமப் போகல, ஆனா அது பாட்டுக்கு ஒரு ஓரமா கிடக்கு, ராத்திரி தூங்க முடியுது.

சரி, நான் முடிவு பண்ணது எதை வச்சுன்னா, கோர்ஸ் முடிஞ்ச பிறகு என்ன ஆகும்ங்கறதை வச்சுத்தான். ஆர்டிஎம்எஸ்ல கிடைக்கற நிம்மதி பொதுவா சில வாரம் நிக்கும், அப்புறம் மெல்லக் கரையும், அதனால முதல் ரவுண்டு தினமும், பிறகு இடைவெளி விட்டு மெயின்டனன்ஸ்னு போய்க்கிட்டே இருக்கணும். மெஷின் நம்ம கையில இல்ல. எனக்கு மெஷின் இருக்கற ஊருக்கு பஸ்ஸுலதான் போகணும், இடுப்பு வலிக்காரன் அத்தனை ஸ்பீட் பிரேக்கர்ல குலுங்கிட்டுப் போய் வைத்தியம் பாத்துட்டு அதே ரோட்டுல குலுங்கிட்டு வந்தா என்ன மிஞ்சும்? காசும் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனி. ஹிப்னாசிஸ்ல ஆரம்பத்துல கொஞ்சம் சிட்டிங், அதுக்கு அப்புறம் ஆடியோ போன்ல இருக்கு, நாமளே பழகிக்கலாம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல மார்க் ஜென்சன் குழு தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு வலிக்காக சுய ஹிப்னாசிஸ் கத்துக் குடுத்ததும் இதே வழியிலதான். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி, மறக்காம செஞ்சா ஓடும், விட்டா இறங்கிடும், எனக்கும் சோம்பேறித்தனத்துல விட்டப்போ இறங்கத்தான் செஞ்சுது, ஆனா திரும்ப ஏத்த செலவு இல்ல.

குறை இல்லாம இல்ல. ஹிப்னாசிஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது. 2019ல 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததுல நல்லா ஏறறவங்களுக்கு வலி 42 சதவீதம், நடுத்தரமா ஏறறவங்களுக்கு 29 சதவீதம் குறைஞ்சிருக்கு, ஏறாதவங்களுக்கு ரொம்பக் கம்மி. அதுவும் ஆரோக்கியமானவங்களுக்கு லேப்ல உண்டாக்கின வலி, வருஷக்கணக்கா இருக்கற இடுப்பு வலிக்கு அப்படியே பொருத்திப் பாக்க நான் தயங்குவேன்.

அதே சமயம் உங்க வலி நரம்பு சேதத்தால வந்ததுன்னா, பக்கவாதத்துக்கு அப்புறம் வர்ற எரிச்சல், அக்கி போனாலும் போகாத வலி, இந்த மாதிரின்னா என் பேச்சைக் கேட்டு காந்தத்தை ஒதுக்கிடாதீங்க. ஐரோப்பிய நிபுணர் குழு 2014லயும் 2020லயும் மோட்டார் கார்ட்டெக்ஸ் ஆர்டிஎம்எஸ்ஸுக்கு உச்ச கிரேடு குடுத்தது அந்த நரம்பு வலிக்குத்தான். எல்லா நாள்பட்ட வலியையும் ஒண்ணாப் போட்டு அலசின 2018 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசற அமைப்பு) அறிக்கை அந்த அளவுக்கு உற்சாகம் காட்டல. என்னோடது நரம்பு வலி இல்ல, அதுவும் ஒரு காரணம். காலு மரத்துப் போகுது, பலம் குறையுது, ஒண்ணுக்கு அடக்க முடியலன்னா ரெண்டையும் விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

காந்தம் எடுக்கறதா இருந்தா, மெயின்டனன்ஸ் எத்தனை சிட்டிங், ஒண்ணுக்கு எவ்வளவுன்னு முதல் நாளே கேட்டுடுங்க. ஹிப்னாசிஸ்னா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இல்லன்னா சைக்கியாட்ரிஸ்ட்டாப் பாத்துப் போங்க, வீட்டுல பழக ஆடியோ குடுக்க மாட்டேன், வாராவாரம் நேர்லதான் வரணும்னு சொல்றவர்னா வேற ஆளைப் பாருங்க.