காரணமும் சொல்லும் பொது அறிவு அட்டைகள்

மகள் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஒரு பொது அறிவு அட்டைப் பெட்டி வாங்கினேன். விலை 350 ரூபாய். முன்பக்கம் வியப்பான ஒரு தகவல், பின்பக்கம் அது ஏன் அப்படி என்ற விளக்கம். அந்தப் பின்பக்கத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆக்டோபஸ் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று இதயம் என்பதோடு மற்ற புத்தகங்கள் நிறுத்திக்கொள்ளும். இதில் திருப்பினால் படம் இருக்கிறது: இரண்டு இதயம் செவுள்களுக்கு ரத்தம் அனுப்ப, மூன்றாவது உடம்பு முழுக்க அனுப்ப. நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடுமாம், அதனால் சீக்கிரம் களைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு, ஆகவே நிறம் நீலம். பேத்தி உடனே, "ஏனுங்க அப்புச்சி, அப்ப நம்ம ரத்தம் செவப்பா இருக்கறது இரும்புனாலயா?" என்றாள். போட்ட காசு அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிட்டது.

வெள்ளிக் கோள் தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 243 நாள் ஆகிறது, சூரியனைச் சுற்றி வர 225 நாளே போதும். இதற்கும் நல்ல படம். தாவரவியல்படி வாழைப்பழம் பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி அந்த வகை இல்லை என்பது கோபியில் கதலி போட்டிருக்கிற எனக்கே புதிது. ஒரே சூலகத்திலிருந்து வந்து, சதைக்குள் விதை இருந்தால் பெர்ரி. ஸ்ட்ராபெர்ரியின் மேலே விதை போல ஒட்டியிருப்பவைதான் அதன் கனிகள், சிவப்பாக நாம் தின்பது பூவின் அடிப்பாகம் பருத்தது.

குறை உண்டு. எழுத்து பொடிசு, அட்டை மெலிசு. சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்று அச்சடித்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை. 2003-ல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவெய், பூமிக்குப் பக்கத்துச் சுற்றுப்பாதையிலிருந்தே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னார். நிலா எவ்வளவு தூரம்! பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருளில் இப்படி வரலாமா? அந்த அட்டைக்குக் காரணமும் போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

அப்புறம், நம்ம பக்கத்துச் சேதி ஒன்றுகூட இல்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் பழங்காலத்து இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கல் பட்டறைத் தடயங்களும் கிடைத்திருக்கின்றன. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இனிப்புக் கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்போடு சேர்த்துக் 'கோ 205' என்ற கரும்பு ரகத்தை எடுத்தார்கள். வடக்கத்திக் குளிரைத் தாங்கும் வலு காட்டுக் கரும்பிலிருந்து வந்தது. 1918-ல் அது பஞ்சாபுக்குப் போனது. அடுத்த பதிப்பில் இவை வர வேண்டும்.

எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தாராளமாக வாங்கலாம். சுவர் அட்டையை மட்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள்.