என்க்ஹவுசன்: கடலை இழந்த துறைமுகத்தில் ஒரு நாள்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ரயில் பயணத்தின் முடிவில், தண்டவாளம் நீர்க்கரையில் நின்றுவிடும் இடத்தில் இருக்கிறது என்க்ஹவுசன். நான் பார்த்த பயணத் திட்டங்கள் இவ்வூருக்கு அரைநாளே ஒதுக்கியிருந்தன. ஒரு முழு நாள் சுற்றிய பிறகும் பார்க்காமல் விட்டவை பல என்பதால், இரவு தங்கிப் பார்க்குமாறே பரிந்துரைப்பேன்.

துறைமுக வாயிலைக் காத்துநின்ற டிரோமடாரிஸ் கோபுரத்தில் தொடங்குவது நல்லது. 1540இல் கட்டத் தொடங்கிய இக்காவல் கோபுரம் இடையில் சிறைச்சாலையாகவும் இருந்தது. இப்போது அங்கே கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அதன் மணிகளின் இசையைக் கரையில் அமர்ந்து கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் 1625ஆம் ஆண்டுக் கட்டடமான பெபர்ஹவுஸ், அதாவது மிளகு வீடு, நிற்கிறது. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்று இவ்வூரில் இயங்கியது. அதன் பண்டகசாலையாக இருந்த இவ்வீடு இன்று சவுடர்சே அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. காலையில் நான் சேர்ந்துகொண்ட வழிகாட்டி நடையில் இங்கு வந்து குவிந்த செல்வத்தைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். அந்த மிளகு எந்த மண்ணில், யாருடைய உழைப்பில் விளைந்தது என்பதற்கு ஒரு வாக்கியம்கூட ஒதுக்காதது எனக்கு வருத்தமளித்தது. கோவாவில் பேராயரிடம் எழுத்தராகப் பணிபுரிந்து, போர்த்துக்கீசியரின் கடல்வழி விவரங்களைத் திரட்டி 1596இல் அச்சேற்றிய டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் வாழ்ந்து மறைந்த ஊர் இது. கம்பெனியின் கதையை இந்தியாவிலிருந்து தொடங்க இதைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியுமா?

அருங்காட்சியகத்தின் திறந்தவெளிப் பகுதிதான் இந்த நாளின் உச்சம். படகில் சென்று இறங்கினால் உயரமான சுண்ணாம்புக் காளவாய்கள் வரவேற்கின்றன. 1916இல் பெருவெள்ளம் கரையோர ஊர்களைச் சூறையாடியதை அடுத்து, சவுடர்சே எனப்பட்ட உள்கடலைப் பெருங்கடலிலிருந்து பிரிக்கும் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீள அணை எழுப்பப்பட்டு 1932இல் அடைக்கப்பட்டது. வெள்ள அச்சம் தணிந்தது. உப்புநீர் மெல்ல நன்னீராகி, கடல்மீனை நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. அந்த ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மீனவர் வீடுகளும் கடைகளும் பட்டறைகளும் சேர்ந்து இங்கே ஒரு கிராமமாக நிற்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள்களைப் பார்ப்பதுபோல் அன்றி, தாழ்ந்த கூரையுள்ள வீட்டுக்குள் தலை குனிந்து நுழைந்து, சுவரோடு சேர்ந்த அலமாரிக் கட்டிலைப் பார்க்கும்போது அந்த வாழ்க்கையின் நெருக்கடி உடம்பிலேயே உறைக்கிறது. விறகுப் புகையில் வாட்டிய மீனின் மணத்தைத் தொடர்ந்து போய் ஒன்றை வாங்கிச் சாப்பிட்டேன். நம் கருவாட்டைவிட உப்பு குறைவு, சதை மென்மை.

திறந்தவெளிப் பகுதி ஏப்ரல் முதல் அக்டோபர் வரையே இயங்குகிறது. குளிர்காலத்தில் போனால் உள்ளரங்கை மட்டுமே பார்க்கலாம். தெருக்களில் கல் பாவியிருப்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் நேரத்தைத் தாராளமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வெஸ்டர் தேவாலயத்தின் அருகே தனித்து நிற்கும் மர மணிக்கூண்டையும் விட்டுவிட வேண்டாம். அவசரத்தில் நான் அதை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தேன்.