செனட்டில் ஒரு இடமா, துறைக் குழுவில் ஒரு இடமா?

பல்கலைக்கழக முடிவுகளில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். செனட், அகாடமிக் கவுன்சில் மாதிரியான பெரிய அவையில் வாக்குரிமையோடு ஒரு இடம், துறையின் பாடத்திட்டக் குழுவில் ஒரு இடம், இல்லையென்றால் செமஸ்டர் கடைசியில் நிரப்பிக் கொடுக்கும் கருத்துப் படிவம். முதல் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை எனக்கு வந்தபோது துறைக் குழுவை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

படிவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் போடாமல் மனதில் இருப்பதை எழுதலாம், கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குபவர்களின் குரலும் வந்து சேரும். ஆனால் கேள்வியை எழுதுவதும் பதிலைத் தொகுப்பதும் நாம் இல்லை, அப்புறம் அது என்ன ஆனது என்று நமக்குத் தெரிவதும் இல்லை.

பெரிய அவைக்கான உரிமை சும்மா கிடைத்ததில்லை. இடைக்காலத்தில் இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்களே ஆசிரியர்களுக்குச் சம்பளம் பேசின, நேரத்துக்கு வகுப்பைத் தொடங்காதவருக்கு அபராதம் போட்டன. பாரிஸில் நேர்மாறாக ஆசிரியர்களின் கையில்தான் எல்லாம் இருந்தது, உலகம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போனது. 1918-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் மாணவர்கள் எழுந்து நின்ற பிறகுதான் நிர்வாகத்தில் மாணவர்களும் சேர்ந்து அமர்வது என்ற எண்ணம் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதற்கு எல்லை போட்டவர்களும் உண்டு. மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1973-இல் தந்த தீர்ப்பின்படி, கற்பித்தல் தொடர்பான முடிவுகளில் பேராசிரியர்களுக்குக் குறைந்தது பாதி வாக்கும், ஆராய்ச்சியிலும் பேராசிரியர் நியமனத்திலும் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. யாரை நியமிப்பது என்று முடிவு செய்ய அந்தத் துறையில் ஊறியவர்கள் வேண்டும்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது வாக்கு எண்ணிக்கை அல்ல, காலம். மாணவப் பிரதிநிதியின் பதவி பெரும்பாலும் ஒரு வருடம். பெரிய அவையில் ஒரு விஷயம் துணைக்குழுவுக்குப் போய், நிதிக்குழுவுக்குப் போய், திரும்பி வருவதற்குள் அந்த ஒரு வருடம் போய்விடும். கேள்வி கேட்டவர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார், பதில் வரும்போது அந்த நாற்காலியில் இருப்பவருக்கு அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதே தெரியாது. எதிரே இருப்பவர்களோ பத்து, பதினைந்து வருடமாக அதே மேசையில் இருப்பவர்கள். அவர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்க வேண்டியதில்லை, வழக்கமான வேகத்தில் போனாலே நம் காலம் முடிந்துவிடும்.

துறைக் குழுவில் எடுத்த விஷயம் அந்த வருடத்துக்குள்ளேயே முடியும். ஒரு செமஸ்டரில் இரண்டு லேப் ரெக்கார்டு, ஒரு ப்ராஜெக்ட் வரைவு, ஒரு இன்டர்னல் தேர்வு என்று நான்கும் பன்னிரண்டாவது வாரத்திலேயே வந்து விழுந்தன. நான் ஒரே தாளில் வாரங்களைக் கட்டம் போட்டு, நான்கு பாடங்களின் தேதிகளையும் எழுதி மேசையில் வைத்தேன். ஒவ்வொரு ஆசிரியருக்கும் தன் தேதி தெரியும், நான்கையும் சேர்த்து அங்கே யாரும் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு தேதிகள் நகர்ந்தன, அடுத்த செமஸ்டருக்கான அட்டவணையையும் முன்கூட்டியே சேர்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த அறையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை.

காலத்தின் சிக்கல் இங்கேயும் இல்லாமல் இல்லை. நான் விலகிய அடுத்த வருடமே தேதிகள் பழையபடி ஒரே வாரத்துக்கு வந்துவிட்டன, புதிதாக வந்தவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் சொல்லியிருக்க வேண்டியது நான்தான். கேட்டது என்ன, யார் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கைமாற்றியிருந்தால் போதும். அதைவிட நல்ல வழி, இரண்டு வருடப் பதவியாக்கி, இரண்டு பிரதிநிதிகளில் ஒருவர் விலகும்போது மற்றவர் தொடரும்படி செய்வது.

பெரிய அவையை நான் கிட்டத்தில் பார்த்தது இரண்டே கூட்டங்களில், அங்கே பிரதிநிதியாக இருந்த நண்பர் வர முடியாதபோது அவருக்குப் பதிலாக. அதனால் அங்கே எதுவுமே நடக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு நாளுக்கு முன்னால் கைக்கு வந்த நிகழ்ச்சி நிரல் ஒரு கட்டுத் தாள், அதில் மாணவர்களைத் தொடும் விஷயங்கள் பலவும் துணைக்குழுவில் ஏற்கெனவே முடிவாகி ஒப்புதலுக்கு மட்டும் வந்திருந்தன. அந்தத் துணைக்குழுவில் ஒரு மாணவர் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

கட்டணம், விடுதி, நூலக நேரம் பற்றியெல்லாம் துறைக் குழு ஒன்றும் செய்ய முடியாது, அதற்குப் பெரிய அவைதான் வேண்டும். உங்களுடைய கவலை அதுதான் என்றால் அங்கேயே போங்கள். ஆனால் நிற்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பதவி எத்தனை வருடம், துணைக்குழுவிலும் இடம் உண்டா, போன வருடம் இருந்தவர் எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா.