இரு தாவர வைரஸ்கள், இரு வகை ஆர்.என்.ஏ. மடிப்புகள்

தாவர வைரஸின் ஆர்.என்.ஏ., தன்னை நகலெடுக்கும் நொதிக்குத் தொடக்க இடத்தைத் தன் மடிப்புகளாலேயே காட்டுகிறது. அந்த அடையாளங்களை அமைக்கும் விதத்தில் புரோம் மொசைக் வைரஸும் தக்காளி புஷி ஸ்டன்ட் வைரஸும் பெரிதும் வேறுபடுகின்றன.

முன்னதன் மரபுத்தொகுதி மூன்று துண்டுகளாலானது. ஒவ்வொரு துண்டின் 3' முனையிலும் (இழையின் கடைசி முனை) ஏறத்தாழ 134 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ.வின் அலகுகள்), புரத உற்பத்திக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ.வைப் போல மடிந்திருப்பதால், செல்லின் நொதியே அதில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை இணைத்துவிடுகிறது. அம்மடிப்பிலுள்ள ஒரு தண்டு-வளையத்தை (இழை தன்மேலேயே மடிந்து இணைசேர்ந்த தண்டும் அதன் நுனி வளையமும்) நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் பற்றிக்கொண்டு, வைரஸ் இழைக்கு இணையாகும் நகலான எதிரிழையைத் தொடங்குகிறது. நகலெடுக்கப்படவேண்டிய வார்ப்பிழையை, செல்லுக்குள்ளிருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வுக்கு இழுத்துவரும் அடையாளம் மட்டும் வேறிடத்தில் உள்ளது.

தக்காளி வைரஸுக்கோ சுமார் 4,800 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒரே இழைதான். இதில் நகலெடுப்புப் புரதமான பி33 பற்றும் தண்டு-வளையம் முனையில் இல்லை. பாலிமரேஸான பி92-ஐக் குறியீடு செய்யும் பகுதிக்குள்ளேயே, ஆர்.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்றான சைட்டோசின்கள் இரண்டு இணைசேராமல் எதிரெதிரே நிற்கும் வடிவில் அமைந்துள்ளது. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 3,000 நியூக்ளியோடைடுகள் தள்ளியுள்ள இரு சிறு வரிசைகள் ஒன்றோடொன்று இணைசேர்ந்து, அந்த வளையத்தை 3' முனையருகே கொண்டுவருகின்றன. புரதத்தைக் குறியீடு செய்யும் வரிசையே கட்டுப்பாட்டு உறுப்பாகவும் செயல்படும் இச்சிக்கனம் என்னை மிகவும் வியக்கவைக்கிறது. மேலும், முனையருகேயுள்ள ஓர் உள்வளையம் கடைசி நியூக்ளியோடைடுகளோடு இணைசேர்ந்து எதிரிழைத் தொடக்கத்தை அடக்கி வைக்கவும் செய்கிறது.

இரண்டுமே ஈஸ்ட் செல்களிலும் பெருகுவதால், இரண்டுமே ஆய்வுக்கு வசதியானவை. மடிப்பின் முப்பரிமாண வடிவத்தை அறிய விரும்புவோர்க்கு முதலாவதும், தொலைதூர இணைப்புகளை ஆராய்வோர்க்கு இரண்டாவதும் ஏற்றவை.