இடது கைக்கு இரண்டு வேலை: கிளட்ச்சும் கிதாரும்

தினமும் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு பைக்கில் போய்வருகிறேன். ஞாயிறானால் கிதார். சுந்தராபுரத்திலிருந்து உக்கடம் வரை கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விடுகிற அதே இடது கைதான் எஃப் பாரே கார்டையும் (ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிகள் மீதும் கிடத்தி அழுத்தும் பிடி) அழுத்த வேண்டும். போன வருடம் அது முடியாமல் போனது. கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று வலி. கையுறை வாங்கு, தடித்த கிரிப் போடு, ஸ்கூட்டருக்கு மாறு, மெல்லிய கம்பி கட்டு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் எந்த விரல் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு நெருக்கப்படுகிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளியோரத்து நரம்பு. ஹேண்டில்பாரில் எடையைச் சாய்க்கும் சைக்கிள்காரர்களுக்கு இது அதிகம். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கக்கூடும். எனக்கு இதுதான். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஜெல் வைத்த கையுறை உள்ளங்கை அழுத்தத்தைப் பரப்பும். அதனால் சுண்டுவிரல் மரப்புக்கு நல்லது. கிளட்ச் வலிக்கு அதனால் பயனில்லை. தடித்த துணி நடுவே இருந்தால் லீவரை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கிறோம். இன்னொன்று கிதார்காரர்களுக்கு மட்டும் தெரியும்: ஒரு மணி நேரம் வியர்வையில் ஊறினால் விரல்நுனியில் காய்த்த தோல் இளகிவிடும், அன்று கம்பி அறுக்கும். இதற்காக அரைவிரல் கையுறைக்குப் போகாதீர்கள். விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது கைதான். காற்றோட்டமான முழுவிரல் கையுறையே என் தேர்வு. தடித்த கிரிப்பும் பார் எண்ட் வெயிட்டும் (ஹேண்டில்பார் முனையில் மாட்டும் எடை) அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் சின்னக் கைக்குத் தடித்த கிரிப் கூடுதல் பாரம். எனக்குச் சரிப்படவில்லை, கழற்றிவிட்டேன்.

உண்மையான போட்டி கிளட்ச்சைச் சரிசெய்வதற்கும் ஸ்கூட்டருக்கு மாறுவதற்கும்தான். ஸ்கூட்டரில் கிளட்ச் லீவரே இல்லை. நெரிசலில் இடது கைக்கு நிஜமான ஓய்வு. ஆனால் சின்னச் சக்கரம் குழியின் குத்தை அப்படியே மணிக்கட்டுக்கு அனுப்பும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவனுக்கு அது மனசுக்கும் ஒப்பாது.

வண்டியை விற்கிற முடிவோடுதான் மெக்கானிக்கிடம் போனேன். லீவரை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேபிள் காஞ்சு கெடக்குதுங்க. இதப் புடிச்சுப் புடிச்சு உங்க கை என்னத்துக்குங்க ஆகும்?" கேபிளை மாற்றி, லீவரைச் சற்றுக் கீழே சாய்த்து, வண்டியோடு வந்த புத்தகம் சொன்ன அளவுக்கு ஃப்ரீ பிளே, அதாவது கேபிள் இழுபடுவதற்கு முன் லீவர் சும்மா நகரும் தூரம், வைத்தார் (பல கம்யூட்டர் பைக்குகளில் இது 10 முதல் 20 மில்லிமீட்டர்). முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோட்டில் இருக்க வேண்டும், மணிக்கட்டு மேல்நோக்கி மடியக்கூடாது. புது வண்டி வாங்கப் பார்த்தவனுக்குச் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. சிக்னலில் நியூட்ரல் போட்டுக் கையை எடுக்கவும் பழகினேன். ஒரு மாதத்தில் பாதி வலி போனது.

மீதிப் பாதி கிதாரில் இருந்தது. அக்கவுஸ்டிக் கிதாரில் 12 கேஜ் செட் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) முழுச் சுருதியில் கிதாரின் கழுத்தை 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. 10 கேஜ் போட்டால் விரலுக்கு உடனே தெரியும், ஆனால் ஒலியின் கனம் குறையும். அரைச் சுருதி இறக்கினால் அதே கம்பியில் ஏறக்குறைய 11 சதவீத இழுவிசை குறைகிறது, செலவே இல்லை. பாடகர் ஒத்துக்கொண்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். விரல்நுனிகளைத் தொழிற்சாலை இயந்திரத்தில் இழந்த டோனி ஐயோமி (பிளாக் சாபத் ராக் குழுவின் எலக்ட்ரிக் கிதார்காரர்) மெல்லிய கம்பியோடுதான் மறுபடி வாசித்தார், பிறகு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஒலியை ஒரு தலைமுறையே பின்பற்றியது. இதைவிடப் பலர் கவனிக்காதது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சின்னத் துண்டு. எஃப் கார்டு நட்டை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில் இருப்பதால், நட்டில் பள்ளம் ஆழமில்லாவிட்டால் எந்தக் கம்பி போட்டாலும் அழுத்தம் குறையாது. பள்ளத்தைச் சீராக்கிய அன்றுதான் என் கட்டைவிரல் கிதாரின் கழுத்தை நெரிப்பதை விட்டது.

இடக்கைக் கிதார்காரர்களுக்குக் கணக்கு மாறும். அவர்களுக்கு ஆக்சிலரேட்டரை முறுக்கும் கைதான் கார்டு பிடிக்கும். அங்கே கிளட்ச்சைவிட அதிர்வும், பிடியை விடாமல் வைத்திருப்பதுமே எதிரி. கிரிப்புக்கும் பார் எண்ட் வெயிட்டுக்கும் அவர்கள் செலவழிப்பது நியாயம்.

ராத்திரி மரப்பில் தூக்கம் கலைந்தாலோ, கம்பியை மீட்டும் பிக் கையிலிருந்து நழுவினாலோ கம்பியையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் சைகை சரியாகப் போகிறதா என்று அளப்பது) செய்து பார்க்கும் கட்டம் அது. கை சிகிச்சைக்குப் பேர்போன கங்கா மருத்துவமனை நம்ம கோவையிலேயே இருக்கிறது.