பைக் திரும்ப மாட்டேங்குதா? டயர் கடைக்காரர் சொன்னதும் டயரை மாத்திடாதீங்க

ரெண்டு டயரோட விலை, தண்டம். டயர்ல ஒரு குறையும் இல்ல. பொய் சொன்னது கடையில காத்து அளக்குற கேஜ். கம்ப்யூட்டர் பேலன்சிங், நைட்ரஜன், ஏசி போட்ட காத்திருப்பு அறைன்னு பளபளன்னு இருக்குற ரகத்துக் கடை. பேரெல்லாம் வேண்டாம், எந்த ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்கும்.

பைக்குல இருந்த கோளாறு இதுதான். வளைவுல சாய்க்கப் போனா ஹேண்டில் கனமா இருந்தது, வழக்கத்தைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. வளைவு நடுவுல பின்பக்கம் லேசா நெளிஞ்சது. இதைக் கேட்டதும் முதல்ல காத்தைத்தான் சந்தேகப்படணும். காத்து குறைஞ்சா டயரோட பக்கச்சுவர் தொளதொளன்னு ஆயிடும். ஹேண்டில்ல கொடுக்குற அழுத்தத்துல ஒரு பங்கு அதை மடக்குறதுக்கே போயிடும், மீதிதான் வண்டியைச் சாய்க்கும். பக்கச்சுவர் சும்மா சும்மா மடங்கி நிமிர்றதால சூடும் ஏறும், உள்ளே இருக்குற இழை அடுக்கு கெடும்.

கடைக்காரரும் காத்தைத்தான் முதல்ல பார்த்தார். நம்பிக்கை வந்ததே அந்த இடத்துலதான். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வால்வு மூடியைக் கழற்றி, கேஜை அழுத்தி, முள்ளை நம்ம பக்கம் திருப்பிக் காட்டினார். முன்னால 36, பின்னால 42 பி.எஸ்.ஐ. (காத்தழுத்தத்தோட அளவு). பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம்ல கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர்லயும் அதே 36, 42. "காத்து கரெக்டா இருக்கு சார், ரப்பர்தான் செத்துப்போச்சு. ரெண்டையும் மாத்திடுங்க." அளந்து கண்ணுல காட்டிட்டுச் சொல்றவரை யார் சந்தேகப்படுவா?

புது டயர் ரெண்டு ஏறிச்சு. அதே கேஜ்ல 36, 42 வச்சு அனுப்பினாங்க. வண்டியில அதே கனம், அதே நெளிவு. ராத்திரி முழுக்க நின்ன டயர்ல வேற கேஜ் வச்சா முன்னால 28, பின்னால 34. மூணாவதா ஒரு கேஜ்லயும் அதே எண்தான். கடை கேஜ் 8 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டுது! பழைய டயருக்குக் காத்து அடிச்சதும் அதே கடை, அதே கேஜ். சரியான கேஜ்ல 36, 42க்கு ஏத்தினதும் ஹேண்டில் லேசாச்சு, நெளிவு நின்னுது. ரெண்டு நிமிஷக் காத்துல முடியுற வேலைக்கு ரெண்டு டயரோட விலை.

திரும்பப் போய்க் கேட்டா பதில் ஒவ்வொரு தடவையும் மாறுது. "புது டயர் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்." புது டயரோட மேல்பரப்பு முதல் 100 கிலோமீட்டருக்கு வழுக்கும், உண்மை. ஆனா வழுக்கறது வேற, திருப்பக் கனமா இருக்குறது வேற. அடுத்தது "கோன் செட்டைப் பாருங்க", அதாவது ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்கை. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினா ஹேண்டில் ரெண்டு பக்கமும் எங்கேயும் சிக்காம தானா விழுது, கோன் செட்டுல என்ன இருக்கு பார்க்க? அப்புறம் "காலையில குளிருக்குக் காத்து குறையும் சார்". 10 டிகிரி இறங்கினா 36ல 2 கூடக் குறையாது. 8 குறையணும்னா கிட்டத்தட்ட 50 டிகிரி இறங்கணும். நைட்ரஜன் அடிச்சா சூட்டுக்கும் குளிருக்கும் மாறவே மாறாதுன்னு சொல்லி அதுக்கும் தனியா காசு வாங்கினது இதே ஆளுதான். (சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன், அது வேற கதை.) கடைசியா பில்லுக்கு அடியில இருந்த பொடி எழுத்தைக் காட்டினாங்க: போட்ட டயரைத் திரும்ப எடுக்க மாட்டாங்களாம். முதலாளி எப்ப போனாலும் "இப்பதான் வெளியே போனார்". ரெண்டு டயரோட விலைக்குக் கிடைச்சது இவ்வளவுதான்.

விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வைங்க. வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், அப்புறம் அளங்க. ஸ்டிக்கர்ல இருக்குற எண்தான் கணக்கு. டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்குறது உச்ச அளவு, அதுவரைக்கும் ஏத்தினா தரையில படுற பரப்பு சுருங்கும், மேடு பள்ளத்துல வண்டி துள்ளும், நடுப்பகுதி சீக்கிரம் தேயும். புது டயரை ரிம்முல உட்கார வைக்க அதிகக் காத்து ஏத்துவாங்க, இறக்க மறந்துடுவாங்க. கடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க கேஜ்ல பாருங்க. பக்கவாட்டுல DOTனு ஆரம்பிக்கிற குறியீட்டோட கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்க: 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரத்துச் சரக்கு.

பழைய டயரைக் கடையில விட்டுட்டு வராதீங்க. என்னோடது ரெண்டுலயும் தேய்மானக் குறிக்கு (டயர் பள்ளத்துக்குள்ள இருக்குற சின்ன மேடு, ரப்பர் அது வரைக்கும் தேஞ்சா மாத்தணும்) மேல ரப்பர் நல்லாவே இருந்தது. கேட்டா "ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு சார்"ங்கறாங்க.